தூ, முன்னிலை ஒருமை

ஸ்பானிஷில் சீ என்றால் ஆமாம். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் இறங்கி வந்திருந்தது. ஜூன் மாதத்திலேயே, வகுப்புகள் தொடங்கிய சூட்டோடு, ஒரு தகப்பனார் வந்து என் பையன் வீட்டில் எதைக் கேட்டாலும் சீ, சீ என்கிறான் என்று புகார் செய்ய, பிரின்சிபால் கோதண்டபாணி ஸ்பானிஷ் ஆசிரியை ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, வேறு வார்த்தை ஏதாவது போட்டுக்கொள்ள முடியாதா மிஸ் என்று கேட்டார். ஸ்பானிஷில் ஆமாம் சொல்ல வேறு வார்த்தை கிடையாது சார், கோடிக்கணக்கான பேர் இந்தச் சீயை வைத்துக்கொண்டுதான் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரிக்கத் தெரிந்தவர். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது: சீ தனியாக வரக் கூடாது, பின்னால் சென்யோர் அல்லது சென்யோரா, அதாவது சாரோ மேடமோ, ஒட்டிக்கொண்டுதான் வர வேண்டும். தூ மட்டும் வரவே கூடாது. தூ என்றால் நீ. "உஸ்தெத்னு ஒண்ணு இருக்கே மிஸ், நீங்கன்னு அர்த்தம்னு நீங்கதானே சொன்னீங்க. அதை மட்டும் சொல்லிக் குடுங்க. நம்ம கல்ச்சருக்கும் அதுதான் செட் ஆகும். மூணாங்கிளாஸ் புள்ள ஒண்ணு யாரையாவது பாத்து தூன்னு சொல்லிச்சுன்னு வைங்க, என்ன ஆகும்?" சரி சார் என்று ஜெசிந்தா சொன்னாள். பல்கலைக்கழகத்தில் யார் எது சொன்னாலும் அதெப்படி என்று எழுந்து நிற்கிற ஜெசிந்தாவுக்கு அன்றைக்கு அந்தச் சரி எங்கிருந்து வந்தது என்று இன்னமும் விளங்கவில்லை. இப்போது, ஆறு மாதம் கழித்து, மூன்றாம் வகுப்பு சி பிரிவின் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். பிள்ளைகள் குடும்பப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் சன்னலோரம் கனிஷ்காவின் இடம் காலியாக இருந்தது. கனிஷ்கா கீழே பிரின்சிபால் அறையில், தன் அம்மாவோடு இருந்தாள். நேற்று நடந்த ஸ்பானிஷ் விழாவில் அவள் ஒரு அம்மாளைப் பார்த்து தூ என்று சொல்லிவிட்டாள். துப்பிவிட்டாள் என்று அந்த அம்மாள் சொல்கிறார். ஸ்பானிஷ் மிஸ் சொல்லிக் கொடுத்தது என்று கனிஷ்கா சொல்கிறாளாம். எந்த நிமிஷமும் ஆபீஸ் ஆயா தேவகி வந்து, மிஸ் உங்களைக் கூப்புடுறாங்க என்பாள்.

"மிஸ், மாத்ரேன்னா மதர்தானே?" சீ, சென்யோர், மதர்தான். "பாத்ரேன்னா பாத்திரமா மிஸ்?" முன்வரிசைப் பையன்கள் குலுங்கினார்கள். அவளும் சிரித்திருப்பாள், வேறொரு நாளாயிருந்தால். பாத்ரே, பாதர், பாத்திரம். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தம் உண்டு, இல்லை, உண்டு. அவள் ஊரான தூத்துக்குடியில் பாதர் என்றால் கோயிலில் பூசை வைக்கிறவர், வீட்டில் இருப்பவர் அப்பா. அவள் பெயரே அந்தக் கரையில் ஒதுங்கிய பெயர்தான். முதல் நாள் வகுப்பில், ஸ்பானிஷில் என் பேர் ஹசிந்தா என்று சொன்னபோது, யாரு மிஸ் அசந்தா என்று ஒரு பெண் கேட்டது. பிள்ளைகள் ஒலியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், பொருள் பின்னால் வந்து சேரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்பானிஷில் எயா என்றால் அவள், வா என்றால் போகிறாள். அவள் கரும்பலகையைக் காட்டி எயா வா, எயா வா என்று சொல்லச் சொல்ல ஒரு பையன் எழுந்து மெதுவாக நடந்து மேசையருகே வந்து நின்றான், கூப்பிட்டீங்களே மிஸ் என்று. இதையெல்லாம் ஹாஸ்டலில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தன் எம்.ஏ. ஆய்வேட்டுக்கு முன்னிலைச் சொற்கள் என்று தலைப்புக் கொடுத்தபோது, நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று நாலு படி கட்டி வைத்திருக்கிற மொழி நம்முடையது, இதில் யார் எந்தப் படியில் நிற்பது என்பதுதான் இந்த ஊரின் மொத்த அரசியல் என்று துறைத்தலைவரிடமே மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறாள். தட்டியது அவள்தான். சரி சார் என்றதும் அவள்தான். இரண்டும் ஒரே வாய்.

நேற்று என்ன நடந்தது என்பதை அவள் இரவிலிருந்து அடுக்கி அடுக்கிப் பார்க்கிறாள், ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு குறைகிறது. கீழ்த்தளத்து ஹாலில் சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதத் தோரணம். பெண்பிள்ளைகள் கையில் காகித விசிறி, காதோரம் பிளாஸ்டிக் ரோஜா. ஆட ஆரம்பித்ததும் ஒரு தாத்தா, இது ராஜஸ்தானி டான்ஸா என்று பக்கத்தில் கேட்டார். அட்டையில் ஒரு காளை செய்து நிறுத்தியிருந்தார்கள். அது குத்துப்படும் காளை என்று தெரிந்ததும் தகப்பன்மார்களுக்குள் விவாதம் கிளம்பியது. அவங்க குத்துவாங்க, நாம திமிலைக் கட்டிப் புடிப்போம், அதுதான் வித்தியாசம் என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார், காளையைத் தவிர எல்லாரும் தலையாட்டினார்கள். கேன்டீன் மாஸ்டர் சுரோ என்கிற ஸ்பெயின் பலகாரத்தைச் செய்து தருகிறேன் என்று படத்தைப் பார்த்துப் பிழிந்தது, சர்க்கரை தூவிய முறுக்காக வந்து நின்றது. ஸ்பெயின் மட்டும் போதுமா சார், பொலிவியா, பெரு, மெக்சிகோ எல்லாம் இருக்கிறதே, ஸ்பானிஷ் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேதானே இருக்கிறார்கள் என்று விழாவுக்கு முன் அவள் கேட்டதற்கு, ஸ்பெயின்னா பேரண்ட்ஸுக்கு ஒரு லுக் வரும் மிஸ் என்று கோதண்டபாணி சொல்லிவிட்டார். ஆக, லுக் வந்தது. முறுக்கு மேசையருகே கனிஷ்கா நின்றிருந்தாள், மார்பில் தன் பெயர் எழுதிய அட்டை. வருகிற விருந்தினரிடம் மே யாமோ கனிஷ்கா, இ தூ? என்று கேட்பது அவளுக்குக் கொடுத்த வேலை. என் பெயர் கனிஷ்கா, நீ? இல்லை. இ உஸ்தெத் என்றுதான் இருக்க வேண்டும். விழா ஒத்திகையில் எல்லாரும் இ உஸ்தெத் என்றுதான் சொன்னார்கள், கோதண்டபாணி பின்னால் நின்று கேட்டார். ஒத்திகைக்கு வெளியே, இந்த அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, வேறொன்று நடந்திருக்கிறது. அதுதான் சங்கதி.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆகஸ்டா, செப்டம்பரா, மழை பெய்து சன்னலெல்லாம் ஆவி படிந்திருந்தது. ஒரு பையன் வாந்தி எடுத்துவிட்டான், தரையைத் துடைக்க தேவகி வந்தாள். அவளுக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். முதல் வரிசையில் இருந்த வெள்ளை ஷூ போட்ட ஒன்று, ஏய் ஆயா, நீ என் பேக் மேல தண்ணி தெளிக்காத என்றது. குரலில் கோபம்கூட இல்லை, மின்விசிறியை நிறுத்து என்று சொல்வது மாதிரி சொன்னது. தேவகியும், சரி பாப்பா, நீங்க கால எடுத்துக்கங்க என்றாள். எட்டு வயது நீங்களாகவும் ஐம்பது வயது நீயாகவும் அந்த ஈரத்தரையில் மாறி மாறிப் போனதை ஜெசிந்தா பார்த்துக்கொண்டே நின்றாள். தேவகி வாளியை எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: TÚ. இந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், சொல்லித் தருகிறேன். ஸ்பானிஷில் நண்பர்கள் எல்லாரும் தூ. இந்த வகுப்பில் இனிமேல் எல்லாரும் தூ. என்னையும் தூ என்றே சொல்லுங்கள். "ஆயாவை மிஸ்?" ஆயாவையும். ஆயா உங்களையும். "கரெஸ்பாண்டன்ட்டை?" அவரையும். கடைசியாக மூன்றாவது வரிசையில் சன்னலோரத்திலிருந்து கை எழுந்தது. கனிஷ்கா எதையும் முழுக்க யோசித்துவிட்டுத்தான் கேட்பாள், அதனால் எப்போதும் கடைசியாகத்தான் கேட்பாள். "பிரின்ஸிக்குமா மிஸ்?" வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிரின்ஸிக்கும்தான் என்றாள் ஜெசிந்தா. சொன்னபோது உடம்பெல்லாம் ஜிவ்வென்றது, ஒரு கூட்டத்தில் பேசி முடித்துக் கைதட்டு வாங்கியது போல. எட்டு வயதுக் கூட்டம். அதுவும் ஒரு கூட்டம்தானே. இல்லையா.

வாசலில் நிழல். தேவகி இல்லை, பக்கத்து வகுப்பின் பிரெஞ்சு ஆசிரியை ஷர்மிளா. கையில் டம்ளரோடு, காபி ஆறாமலிருக்க மேலே சாசரை மூடிக்கொண்டு வந்திருந்தாள். "இன்னும் கூப்பிடலையா?" இல்லை. "அந்தப் பொண்ணோட அம்மா வந்துருக்கு. நின்னுக்கிட்டே இருக்கு, உக்காரவே மாட்டேங்குது. நீ ஒண்ணு பண்ணு ஜெசி. நான் பெரியவங்களுக்கு உஸ்தெத்னுதான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லிட்டு வந்துரு. பொய் இல்லல்ல? சொல்லிக் குடுத்தியா இல்லியா?" சொல்லிக் கொடுத்தேன்தான், ஒத்திகையில். "அப்புறம் என்ன? எனக்கும்தான் பிரெஞ்சுல நீன்னு சொல்ல ஒரு த்யூ இருக்கு. அதைப் பொட்டில வெச்சுப் பூட்டிட்டு, நீங்கன்னு அர்த்தமுள்ள வூவை மட்டும் வெளில விட்டிருக்கேன். எங்க புள்ளைங்க நாய்க்குட்டியைப் பாத்தாலும் வூ வூன்னுதான் சொல்லும், அதுவும் திருப்பிச் சொல்லும், ரெண்டு பேருக்கும் மரியாதை." ஷர்மிளா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, சிரிப்பு ஓய்ந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "சீரியஸா சொல்றேன். அது இலவச ஒதுக்கீட்டுல வந்த பொண்ணு, கவர்ன்மென்ட் ரூல், இவங்களா அனுப்ப முடியாது. எதுவும் ஆகாது." ஆகும். அதுதான் ஜெசிந்தாவுக்குத் தெரியும். சட்டப்படி அனுப்ப முடியாது, அதனால் யாரும் அனுப்ப மாட்டார்கள். அம்மாவை நிற்க வைத்து, தண்ணீர் கொடுத்து, உங்க குழந்தைக்கு இங்க அட்ஜஸ்ட் ஆக மாட்டேங்குதும்மா, மத்த பிள்ளைங்க என்ன நினைப்பாங்க, அதுக்கே கஷ்டமா இருக்கும் இல்ல என்று பரிவோடு பேசுவார்கள். பேசப்பேச டி.சி. வேண்டும் என்று அம்மாவே கேட்டுவிடுவாள். போன வருஷம் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் அப்படித்தான் போனான்; தானாகவே போனான் என்று ஆபீஸில் சொன்னார்கள்.

பிள்ளை துப்பினது என்றால் பிள்ளை போகும். மிஸ் சொல்லிக் கொடுத்ததை மிஸ் சொன்னபடி சொன்னது என்றால் மிஸ் போவாள். கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தும் ஏன் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறது மனசு? ஏனென்றால் ஜெசிந்தா பக்கத்தில் இருந்தாள். முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு, நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு. அந்த அம்மாளின் குரல் கேட்டது. வைஜயந்தி, இதே வகுப்பில் படிக்கும் ஆதிராவின் அம்மா. எதிரேயுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோராவது மாடி. கனிஷ்காவின் அம்மா எழிலரசி அந்த வீட்டில்தான் காலையில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கிறாள். எழிலின் போனில் மகளின் படத்தை வைஜயந்தி பார்த்திருக்கிறாள். அந்த மகள் இங்கே படிப்பது தெரியாது. எழிலரசி ஏன் சொல்லாமல் இருந்தாள் என்று யோசிக்க அதிக நேரம் வேண்டாம். வைஜயந்தி கேட்டாள், ஆச்சரியத்தோடுதான் கேட்டாள், அதில் துளி விஷமில்லை, அதுதான் தாங்கவில்லை: "ஏய், நீ நம்ம எழில் பொண்ணுதானே? நீ எப்படி இங்க?" அப்புறம் மேளம். யாரோ ஸ்பீக்கரைத் திருகிவிட்டார்கள், விசிறிக்காரிகள் இரண்டாம் ஆட்டத்துக்கு ஓடினார்கள். மேளத்துக்கு நடுவே, மேளம் ஒரு மூச்சு விட்ட இடத்தில், கனிஷ்காவின் குரல். கடைசித் துண்டு மட்டும். "தூ?" அப்புறம் வைஜயந்தியின், "என்னது? என்ன சொன்ன நீ?"

நீ எப்படி இங்க? இ தூ? நீ? நேற்று இரவு ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது இந்த இரண்டு வரியும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தன. அடேயப்பா. நீ எப்படி இங்கே என்று கேட்டவளைப் பார்த்து, எட்டு வயது, நீ எப்படி இங்கே என்று திருப்பிக் கேட்டிருக்கிறது. அந்த ஹாலில் ஒருவருக்கும் வராத கேள்வி. ஜெசிந்தாவுக்கே வந்ததில்லை. அதெப்படி, நீங்கள் மட்டும் எந்த ஒதுக்கீட்டில் வந்தீர்கள், அப்பன் வீட்டு ஒதுக்கீடு, பதினோராவது மாடி ஒதுக்கீடு என்று எத்தனை கருத்தரங்கில் எத்தனை நீட்டி முழக்கியிருக்கிறாள். இது ஒரே எழுத்தில் முடித்துவிட்டது. அவள் படி இறங்கி வந்து அறைத்தோழி பெனாசிரை எழுப்பிச் சொன்னாள். பெனாசிர் முழுவதையும் கேட்டாள், தலையணையில் கன்னத்தை வைத்தபடியே. "சரி. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?" என்ன? "நீ என்ன சொன்னன்னு." எப்படிக் கேட்பது, அதைத்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்களே. "ம். உனக்கு அது நல்ல எக்ஸாம்பிள்." பெனாசிர் புரண்டு படுத்துக்கொண்டாள். "கோவிச்சுக்காத. நீ யாருக்காகவும் பேசறதில்லடி. பேச்சு நல்லா இருக்கணும்னு பேசற." அதற்கு ஜெசிந்தா ஒரு பதில் சொன்னாள், நல்ல பதில், இப்போது மறந்துவிட்டது.

துப்பும் தூவுக்கும் ஸ்பானிஷ் தூவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அவளால் படம் போட்டுக் காட்ட முடியும். இரண்டுக்கும் நாக்கு மேல்பல்லில் படுகிறது. இரண்டுக்கும் உதடு குவிகிறது. துப்பும்போது மூச்சு முதலிலேயே வெடித்துப் போகும், வார்த்தையில் மூச்சு கடைசிவரை நிற்கும், கேள்வியாயிருந்தால் மேலே ஏறும். மேலே ஏறியதா? ஏறியதாகத்தான் அவள் கேட்டாள். ஏறியதாக அவள் கேட்க விரும்பினாள். கோதண்டபாணியிடம் போய் மூச்சு ஏறியது சார் என்று சொல்ல முடியுமா. சொல்லலாம், கொலம்பியாவில் சில ஊர்களில் அம்மா தன் குழந்தையையே உஸ்தெத் என்று கூப்பிடுவாள் சார், கோயமுத்தூர்ப் பக்கம் வாங்க கண்ணு என்று கொஞ்சுகிற மாதிரி, ஆகையால் மரியாதை என்பது சொல்லில் இல்லை என்று தொடங்கலாம். அவர் கேட்பார், கேட்டுவிட்டு, அது சரி மிஸ், சொல்லிக் குடுத்தீங்களா இல்லியா என்பார். அந்தக் கேள்விக்கு முன்னால் கொலம்பியா நிற்காது. வேலை போனால் என்ன? ஹாஸ்டல் இருக்கிறது, அப்பாவிடம் கேட்கலாம், அப்பா உப்பளத்து ஆபீசிலிருந்து அனுப்புவார், ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்லாமலிருப்பதுதான் அவர் சொல்வது. அம்மா மட்டும் பக்கத்து வீட்டு லூர்து அக்காவிடம், அவளுக்கு வாய் சாஸ்திட்டி என்பாள், கொஞ்சம் பெருமையோடு. இது பயமா? வேலை போகும் பயமில்லை. கீழே போய் நின்றதும் தன் வாய் சரி சார் என்று சொல்லிவிடுமோ என்ற பயம் இது. அதற்கு ஒரு தடவை பழக்கமுண்டு. பழகின வாய் தானே திறந்துகொள்ளும். பெரியவங்களுக்கு உஸ்தெத்னுதான் சார் சொல்லிக் குடுத்தேன். பொய்யில்லை. ஷர்மிளாவின் காபி மாதிரி, சாசர் மூடிய உண்மை.

"மிஸ், ஆதிரா அழுறா." ஆதிரா அழவில்லை, தலையைக் குனிந்து எர்மானா, சகோதரி, என்ற கட்டத்துக்குள் ஊதா நிறத்தை அழுத்தி அழுத்திப் பூசிக்கொண்டிருந்தாள், காகிதம் கிழிகிற அளவுக்கு. அவளும் கனிஷ்காவும் ஒரே டிபன் பாக்ஸில் கை விடுகிறவர்கள். என்னம்மா? "ஒண்ணுமில்ல மிஸ்." கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, "எங்கம்மா வேணும்னு சண்டை போடல மிஸ். அவங்களுக்குத் துப்பினா புடிக்காது." யாருக்குத்தான் பிடிக்கும். ஜெசிந்தா அந்தப் பெண்ணின் முதுகில் கையை வைக்கலாமா என்று நினைத்து, வைக்கவில்லை. பின்வரிசையில் இருவர் கிரேயானுக்காக அடித்துக்கொண்டார்கள். ஒருவன் மற்றவனை, போடா தூ என்றான். அது ஸ்பானிஷா தமிழா என்று அவனுக்கே தெரியாது. இனி யாருக்குமே தெரியாது. அந்த ஒலியை அவள்தான் இந்த அறைக்குள் இரட்டையாகக் கொண்டு வந்து விட்டாள், தானொரு புரட்சி செய்கிற நினைப்பில். அதை வெளியே எடுத்துக்கொண்டு போனது கனிஷ்கா மட்டும். மற்ற பிள்ளைகள் ஒத்திகையில் உஸ்தெத், வகுப்பில் தூ என்று எது எங்கே என்று பிரித்துக்கொண்டுவிட்டார்கள். சின்ன வயதிலேயே அந்தக் கெட்டிக்காரத்தனம் வந்துவிட்டது, ஜெசிந்தாவுக்கு வந்திருக்கிற அதே கெட்டிக்காரத்தனம். கனிஷ்கா மட்டும் மிஸ் சொன்னதை மிஸ் சொன்னபடி நம்பினாள்.

தேவகி வந்துவிட்டாள். உள்ளே நுழையாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மிஸ், சார் கூப்புடுறாரு. நான் இதுங்களைப் பாத்துக்கறேன், நீங்க போங்க." படி இறங்கும்போது கால் தானாக இறங்கியது. இப்படி ஆரம்பிக்கலாம்: சார், நீங்கள் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும். வேண்டாம். சார், ஒரு மொழியைக் கற்பிப்பது என்றால். வேண்டாம். வைஜயந்தி மேடம், நேற்று அந்தக் குழந்தை உங்களிடம் கேட்டது ஒரு கேள்வி. ஆமாம், இதுதான், இதிலிருந்து ஆரம்பித்துக் கேள்விக்கு வந்து, கேள்வியிலிருந்து ஒதுக்கீட்டுக்கு வந்து, அவர்கள் வாயடைத்து நிற்க. நிற்க என்று நினைத்ததுமே பெனாசிரின் முதுகு கண்முன் வந்தது, புரண்டு படுத்த முதுகு.

பிரின்சிபால் அறை குளிர்ந்து கிடந்தது. வைஜயந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கைப்பை, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. எழிலரசி சுவரோரம் நின்றாள், கனிஷ்காவின் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு; அந்தப் பிடியில் அணைப்பு எவ்வளவு, அடக்குதல் எவ்வளவு என்று தெரியவில்லை. "உக்காருங்க மிஸ்," என்றார் கோதண்டபாணி. அவள் உட்காரவில்லை. "நான் குழந்தை மேல கோவமா இல்ல சார்," என்றாள் வைஜயந்தி, விட்ட இடத்திலிருந்து. "அதுக்கு என்ன தெரியும். எழில் கிட்டயும் நான் ஒண்ணும் சொல்லல. இவளை நான் எப்படி வெச்சிருக்கேன்னு இவளையே கேளுங்க." எழிலரசி, "அக்கா நல்லாத்தான் வெச்சிருக்காங்க சார்," என்றாள். "இது தெரியாம செஞ்சிருச்சு. நாங்க வேணா கவர்ன்மென்ட் ஸ்கூல்லயே..." "இருங்கம்மா, இருங்க, அவசரப்படாதீங்க," என்றார் கோதண்டபாணி, அந்த வார்த்தை வந்து சேர்ந்ததை மனசுக்குள் குறித்துக்கொண்டபடி. பிறகு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். குரலில் உண்மையிலேயே கனிவிருந்தது, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். "மிஸ், ஒரே ஒரு கேள்விதான். பெரியவங்களைப் பாத்து அப்படிச் சொல்லச் சொல்லி நீங்க சொல்லிக் குடுக்கல, இல்லையா?"

எல்லாம் தயாராக இருந்தது, மூச்சும் உதடும் கொலம்பியாவும். கனிஷ்கா அவளைப் பார்த்தாள். அதில் கெஞ்சலில்லை, குற்றச்சாட்டும் இல்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை, வகுப்பில் பார்க்கிற அதே பார்வை.

"சொல்லிக் குடுத்தேன் சார்."

"இல்ல மிஸ், நான் கேட்டது..."

"பெரியவங்க சின்னவங்க எல்லாரையும்தான். உங்களையும் சொல்லலாம்னு சொல்லியிருக்கேன். இவ நான் சொன்னதைச் செஞ்சா."

அவ்வளவுதான். எத்தனை சிறிய பேச்சு. அதன்பின் நடந்தது எல்லாம் வெகு ஒழுங்காக, சத்தமில்லாமல் நடந்தது. அப்படியானால் இது குழந்தையின் தப்பில்லை என்று கோதண்டபாணி மெதுவாகச் சொன்னார், பாரத்தைத் தோள் மாற்றுகிறவர் போல. என் பொண்ணுக்கு இனிமே ஸ்பானிஷே வேண்டாம் சார் என்றாள் வைஜயந்தி. பார்த்துக்கொள்ளலாம் மேடம் என்றார் அவர். ஜெசிந்தாவிடம், இன்று மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள், ஜூன் மாதமே இதைப் பற்றிப் பேசினோம் இல்லையா என்றார். பேசினோம் சார் என்றாள். கனிஷ்கா வகுப்புக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாசலில் எழிலரசி மகளின் தோளை விட்டாள். விட்டுவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தாள். நன்றி வரும் என்று ஒரு கணம் எதிர்பார்த்த தன்னை ஜெசிந்தா பிறகு பல நாள் மன்னிக்க மாட்டாள். "எம் பொண்ணுக்கு ஏன் டீச்சர் இதெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள் எழிலரசி, தணிந்த குரலில், உள்ளே கேட்டுவிடாமல். "நாளைக்குக் காலைல அந்த வீட்டுக் கதவை நான் இல்ல தட்டணும்?" பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள்.

மாடிப்படியில் இருவர் மட்டும். கனிஷ்கா கைப்பிடியில் விரலை இழுத்துக்கொண்டே ஏறினாள். முதல் திருப்பத்தில் ஜெசிந்தா நின்றாள். யாரும் இதுவரை கேட்காத, ஒரு ராத்திரி முழுக்கத் தானும் கேட்காமலே பதில் எழுதி வைத்திருந்த கேள்வியை, பெனாசிருக்குப் பயந்துகொண்டு, கேட்டாள். "கனிஷ்கா, நேத்து அந்த ஆன்ட்டிகிட்ட நீ என்ன சொன்ன?"

"துப்பல மிஸ்."

"தெரியும். என்ன சொன்ன?"

கனிஷ்கா யோசித்தாள். முழுக்க யோசித்தாள்.

"அவங்க என்னைய நீ எப்படி இங்கன்னு கேட்டாங்க மிஸ். நான் வேன்லன்னு சொன்னேன். அப்புறம் இ தூன்னு கேட்டேன். யாராச்சும் நம்மளைக் கேட்டா நாமளும் திருப்பிக் கேக்கணும், அதான் மரியாதைன்னு சொன்னீங்கல்ல." அவள் அடுத்த படியில் கால் வைத்து, மறுபடி திரும்பினாள். "அவங்க எப்படி வந்தாங்கன்னு இன்னும் சொல்லவே இல்ல மிஸ்."